இரண்டு வார்த்தை பேச மிதுனாவை அழைக்கின்றோம்

வாக்தேவி வித்தியாலயத்தில் பேச்சில்லாமல் எதுவும் நடப்பதில்லை. பழுதாய்ப்போன தண்ணீர்க் குழாய் ஒன்றை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் ஆன பிறகுதான் அதைத் திறப்பார்கள். நன்றியுரை முடியும்வரை யாரும் வாய் வைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் இருப்பது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்து லொறிகள் நாள் முழுக்க உறுமிக்கொண்டு போகிற தெருவில். ஆனாலும் அந்தப் பக்கத்தில் சத்தம் கூடிய இடம் எது என்று கேட்டால் ஓட்டோக்காரர்கள் பள்ளிக்கூடத்தைத்தான் காட்டுவார்கள்.

வாசல் வளைவில் 'பேசுக, உயர்க' என்று பொன்னிற எழுத்தில் எழுதியிருக்கும். எழுதுவித்தவர் பள்ளிக்கூட அதிபர் சிவபாதசுந்தரம். பட்டிமன்றங்களில் நடுவராக இருந்து பழகியவர். வீட்டில் உப்புக் கேட்பதற்கும் அவர் 'அவையோரே' என்றுதான் தொடங்குவார் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு முன்னால் சிரிப்பதில்லை. கைதட்டுவார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த்தான் நிஷாந்தினி தன் ஒரே மகளைச் சேர்த்தாள். மகள் மிதுனா வகுப்பறைக்குள் ஒரு சொல் பேச மாட்டாள்.

வாய் பேச இயலாத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்து மாடிவீட்டில், மிதுனாவின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பல்லுத் தீட்டும்போதும் கதைப்பாள். கோச்சி, அதுதான் ரயில், போகும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அப்போது மட்டும் பாதி வசனத்தில் நிறுத்துவாள். கோச்சி போய் முடிந்ததும், விட்ட சொல்லிலிருந்து பிடித்துக்கொண்டு போவாள். கட்டாரில் வேலை செய்கிற தகப்பன் வட்ஸ்அப்பில் எடுத்தால் அவனுக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. "சரி, நீ கதை பிள்ளை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்று படுத்துவிடுவான்.

மகளுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பதற்காகவே நிஷாந்தினி கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில், பாமசியில், வேலை தேடிக்கொண்டாள். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ். வெள்ளவத்தையில் தொடங்குகிற கதை பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி எல்லாம் கடந்து வரும். புறக்கோட்டையில் நின்றுவிடும். அங்கிருந்து மிதுனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். பின்னேரம் திரும்பும்போது, அதே புறக்கோட்டையில், ஏறி இறங்குகிற சனத்துக்கு நடுவில், குரல் திரும்பி வரும். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "சொல்லு வாய்க்குள்ளதான் இருக்கு அம்மா. வெளியில வரப் பயப்பிடுது" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநல டொக்டர் ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். இது பிடிவாதமில்லை, திமிருமில்லை, பயம் என்றார். இப்படிப் பிள்ளைகள் வேறும் இருக்கிறார்கள், தெரிந்த இடத்தில் பேசுவார்கள், சில இடங்களில் தொண்டை அடைத்துப்போகும் என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதமும் தந்தார். வற்புறுத்தக் கூடாது. பலர் முன்னிலையில் கவனப்படுத்தக் கூடாது. பேசினால் அதைப் பெரிதாக்கக் கூடாது. நம்பிக்கையான ஒருவரோடு தொடங்கட்டும், மற்றது மெல்ல வரும். அவ்வளவுதான் கடிதம்.

அதிபர் கடிதத்தை வாசித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா. இனி இது என்ரை பொறுப்பு."

நிஷாந்தினிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இப்படி ஒரு மனிதரா என்று பாமசியிலும் சொன்னாள்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அந்தக் கடிதத்தை மைக்கில் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் வாசித்தார். 'பலர் முன்னிலையில் கவனப்படுத்தக் கூடாது' என்ற இடத்தில் குரலை உயர்த்தி, இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு, யாரைக் கவனப்படுத்தக் கூடாது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்பதற்காக மிதுனாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

"மாணவச் செல்வங்களே! இந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இவரை எவரும் உற்றுப் பார்க்கலாகாது!"

பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எம்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் புறக்கோட்டை வந்தது, கோட்டை வந்தது, கொள்ளுப்பிட்டியும் வந்தது. வெள்ளவத்தைச் சந்தையடியில்தான் மிதுனா வாயைத் திறந்தாள். "அம்மா, இனிமேல் என்னைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்காதேங்கோ" என்றாள்.

இதற்குப் பிறகு பள்ளிக்கூடம் சும்மா இருக்குமா? 'மௌன நீக்கக் குழு' அமைத்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு கணக்காய்வாளர்கள். கணக்காய என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குழு என்றால் கணக்காய்வாளர் இருக்க வேண்டும். பெற்றோர் பிரதிநிதியாக நிஷாந்தினியையும் கூப்பிட்டார்கள். பாமசியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் போயிருந்தாள். பேசுவதற்கு இடம் கொடுக்க வேண்டியதன் அவசியம் பற்றி ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். அவள் கையை உயர்த்தினாள். தேநீர் வேண்டுமாக்கும் என்று நினைத்து ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

குழுவின் செயலாளர் கனகேஸ்வரி மிஸ். மனையியல் ஆசிரியை. ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்ததால் வழிகாட்டல் ஆலோசனையும் அவர் தலையில்தான். கெட்ட மனுசி என்று சொல்லிவிட முடியாது. ஆலோசனை அறை என்பது பாண்ட் வாத்தியச் சாமான்கள் அடுக்கியிருக்கிற அறை. அங்கே மிதுனாவைப் பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் இருத்தி ஆலோசனை நடத்தினார். பிறகு நிஷாந்தினியைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"ஒரு மணித்தியாலம் கதைச்சனாங்கள் அம்மா. அருமையான பிள்ளை. என்ரை குடும்பப் பிரச்சினை வரைக்கும் சொல்லிப்போட்டன். ஒரு இடத்திலயும் குறுக்க கதைக்கேல்லை. இப்பத்தையப் பிள்ளைகளிட்ட இந்தப் பொறுமை எங்க கிடக்கு?"

"மிஸ், அவ கதைக்காததுதானே பிரச்சினை…"

"அதைத்தான் நான் அவவுக்கு விளங்கப்படுத்தினனான்!"

காலையில் இடாப்புக் கூப்பிடும்போது 'வந்தேன்' என்று சொல்ல வேண்டும். மிதுனா சொல்வதில்லை. ஆகவே மிதுனா வரவில்லை. வகுப்பாசிரியர் அவளைப் பார்த்து, "மிதுனா இண்டைக்கும் வரேல்லையோ?" என்று கேட்பார். பதில் வராது. வரவில்லை என்று இடாப்பில் போட்டுவிடுவார். வராத பிள்ளைக்காக வீட்டுக்குப் போன் வரும். நிஷாந்தினி பாமசியிலிருந்து ஓடிப்போய், "சேர், அந்தா முன்வாங்கில இருக்கிறா" என்று காட்டினால், "இருக்கிறது எனக்கும் தெரியும் அம்மா. ஆனா வந்தன் எண்டு அவ சொல்லேல்லையே" என்று பதில் வரும். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வெளியே வந்து அழுதுவிட்டுக் கடைக்குப் போவாள்.

இவ்வளவு பேர் இவ்வளவு பேசியும் நடக்காத ஒன்று, யாரும் கவனிக்காத இடத்தில் நடந்தது.

ரிஸ்னா என்று ஒரு பிள்ளை மிதுனாவின் எட்டாம் ஆண்டு வகுப்புக்குப் புதிதாக வந்தாள். கொம்பனித்தெருவில் அவர்கள் இருந்த பழைய வீட்டை இடித்து மாடி கட்டப் போகிறார்கள் என்று கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்த குடும்பம். அவளுக்குக் கடிதமும் தெரியாது, குழுவும் தெரியாது. இடைவேளையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மிதுனாவுக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, தன்பாட்டில் கதைத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள். மழை நாளிலும் வந்தாள்.

ஒரு பின்னேரம் பஸ் இன்னும் கொட்டாஞ்சேனையை விட்டே வெளிக்கிடவில்லை. மிதுனா தாயின் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அம்மா, ரிஸ்னாவுக்கு மாசிச் சம்பல் எண்டால் உயிராம்."

"அப்பிடியோ?"

"ஓம். நான் கேட்டனான்."

நான் கேட்டனான். நிஷாந்தினி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெரிதாக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியே பூமாலைக் கடை, நகைக்கடை, வெயிலில் மூட்டை சுமந்து நின்ற நாட்டாமைமார் எல்லாம் கலங்கித் தெரிந்தன. "நாளைக்குச் சம்பல் கொஞ்சம் கூடக் கட்டித் தாறன், ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு நின்றிருக்கலாம். அவள் வளர்ந்த வளர்ப்பு விடவில்லை. பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்தால் வாத்திமாருக்கு ஒரு கேக்காவது கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பது மரியாதையா? பதுளையிலிருந்து பருத்தித்துறை வரை யாரையும் கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தையில் நல்ல பட்டர் கேக்காக வாங்கி, பெட்டிக்கு ரிபன் கட்டி, ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனாள்.

"என்ன விசேஷம் அம்மா?" என்றார் கனகேஸ்வரி மிஸ்.

விசேஷத்தைச் சொல்லாமல் கேக் கொடுக்க முடியாது. நிஷாந்தினி சொன்னாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ மிஸ்" என்றும் சொன்னாள். மிஸ் கையில் கேக்கோடு, "சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றார். கேக் எல்லோருக்கும் போயிற்று. கூடவே விசேஷமும் போயிற்று.

அந்த வாரமே ரிஸ்னாவின் சட்டையில் 'உரையாடல் தலைவி' என்று பட்டி குத்தினார்கள். மிதுனா என்னென்ன சொன்னாள் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஒப்புவிக்க வேண்டும் என்றார்கள். தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி ஆசிரியர்கள் உலாவத் தொடங்கினார்கள். தாங்கியில் காது வைத்துக்கொண்டு நின்ற கணக்காய்வாளர் ஒருவர், நீர்மட்டம் பார்ப்பதாகச் சொன்னார். தாங்கிக்குப் பின்னால் பேச்சு நின்றுபோயிற்று. உடனே குழு கூடி, பிள்ளை ஒரே ஆளில் தங்கியிருப்பது வளர்ச்சிக்குக் கூடாது என்று தீர்மானித்து, ரிஸ்னாவை அடுத்த பிரிவுக்கு மாற்றியது. தீர்மானத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் நீண்ட நேரம் பேசினார்கள்.

பரிசளிப்பு விழா வந்தது. கல்வி வலயத்திலிருந்து உதவிக் கல்விப் பணிப்பாளர் பதியுதீன் பிரதம விருந்தினர். மௌன நீக்கத்தில் முன்மாதிரிப் பாடசாலை என்று வாக்தேவியை அவர் அறிவிக்கப் போகிறார் என்ற கதை அடிபட்டது. நிஷாந்தினி அதிபரிடம் ஓடினாள்.

"சேர், பிள்ளையை மேடையில ஏத்தாதேங்கோ. காலைப் பிடிச்சுக் கேக்கிறன்."

"ஐயோ அம்மா, என்னை என்னவெண்டு நினைச்சியள்? பேசச் சொல்லுவமா? ஒரு பூச்செண்டு. பணிப்பாளரிட்டக் குடுத்திட்டு இறங்கவேண்டியதுதான். என்ரை பிள்ளையள் மேல சத்தியம்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அன்றைக்கு வீட்டில் நிற்கட்டும் என்று நிஷாந்தினிக்கு ஒரு மனம் சொல்லிற்று. மிதுனாதான் போக வேண்டும் என்றாள். விழாவில் வகுப்புப் பிரிவு பார்க்காமல் இருக்க விடுவார்கள், ரிஸ்னாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அவளுக்கு ஆசை.

மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் சூட்டையே சுற்றிச் சுற்றி விட்டன. பதியுதீன் பேசினார்.

"இப்படியான பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செவிமடுத்தல்! செவிமடுத்தலைப் பற்றி நான் இதுவரை எத்தனையோ பாடசாலைகளில் நீண்ட உரைகள் ஆற்றியிருக்கின்றேன். என்னை எவருமே இடைமறித்ததில்லை. கேள்வி கேட்டதும் இல்லை. இதிலிருந்து நமது பிள்ளைகளிடம் மௌனப் பிரச்சினை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கின்றது என்பதை நீங்கள் உணரலாம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் மிதுனா பூச்செண்டோடு ஏறினாள். கொடுத்தாள். திரும்பினாள். நாலு படி இறங்கினால் முடிந்தது. ஆனால் அந்த மேடையில் ஏறிய எவரும் பேசாமல் இறங்கிய சரித்திரம் இல்லை. மைக் பிடித்திருந்த கனகேஸ்வரி மிஸ்ஸின் வாயிலிருந்து, பழக்க தோஷத்தில், அது தானாக வந்துவிட்டது.

"இப்பொழுது இரண்டு வார்த்தை பேச மிதுனாவை அன்போடு அழைக்கின்றோம்!"

சொன்ன பிறகு மிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் யாரோ மைக்கைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள். அது கீச்சென்றது. மிதுனா மைக்கைப் பார்த்தாள். சட்டை ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பின்வரிசையில் நிஷாந்தினி எழும்பினாள். முன்னால் போக வழியில்லை, முழங்காலும் கதிரையுமாகக் கிடந்தது. அதிபருக்குச் சத்தியம் மறந்துபோயிற்று, சபைதான் தெரிந்தது.

"அவையோரே, ஒரு கரகோஷம் கொடுங்கள், பிள்ளை பேசிவிடும்!"

கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையின் முகம் வெளிறிப்போயிற்று.

அப்போது பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அவள உடுங்க சேர்! அவளுக்கு ஏலா!"

கதிரைக்கு மேல் ஏறி நின்றது ரிஸ்னா. அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒரு மனிதருக்காக இன்னொரு மனிதர் பேசிய பேச்சு அது ஒன்றுதான். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பேச்சு என்பதால், மாணவத் தலைவர்களான பிரபைக்ட் பிள்ளைகள் அவளைப் பிடித்துக்கொண்டுபோய் வெயிலில் நிற்பாட்டினார்கள்.

அதிபர் மிதுனாவின் தோளில் பொன்னாடை போர்த்தினார். "மௌனத்தையே மொழியாக்கி எமக்கு நன்றி கூறியிருக்கின்றார் இந்தச் செல்வம்!" என்றார். முன்மாதிரிப் பாடசாலை விருது அறிவிக்கப்பட்டது. நிஷாந்தினி மேடையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளின் கைகள் இரண்டும் ஐஸ்கட்டிபோல் கிடந்தன. பொன்னாடையை உருவிக் கதிரையில் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பஸ் புறக்கோட்டையைத் தாண்டியது. நிஷாந்தினி காத்திருந்தாள். வெள்ளவத்தைச் சந்தையும் வந்தது. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியும் மிதுனா பேசவில்லை. அன்றைக்குப் பேசவில்லை, அந்தக் கிழமை முழுக்கவும் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பவில்லை. தகப்பன் எடுத்து, "பிள்ளை, ஏதாவது சொல்லன், ஏதாவது" என்று கெஞ்சினான். இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் வட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தது. கோச்சிகள் வந்து போயின. நடுவில் நிறுத்துவதற்கு ஒரு வசனம்கூட அந்த வீட்டில் இல்லை. ஒரு கேக். நான் கட்டின ரிபன். நிஷாந்தினி தன்னைத் தானே வெறுத்தாள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு பின்னேரம் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோச்சி வந்தது. சும்மா திரும்பிப் பல்கனியைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்ற மிதுனாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை, கோச்சிதான் கேட்டது. கடைசிப் பெட்டி போனதும் உதடு நின்றது. அடுத்த கோச்சிக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் கோச்சிக்காகப் பேச்சை நிறுத்தின பிள்ளை, இப்போது கோச்சி வரும்போது மட்டும் பேசினாள்.

நிஷாந்தினி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. தகப்பனுக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு, அடுத்தடுத்த பின்னேரங்களில், அவளும் பல்கனியில் போய் நின்றாள். கோச்சி வரும்போது அவளும் கடலைப் பார்த்து ஏதோ சொன்னாள். அரிசி விலை சொன்னாள், பாமசிக்கு வந்த கிழவரின் இருமலைச் சொன்னாள், என்னை மன்னிச்சுக்கொள் குஞ்சு என்றும் சொன்னாள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டிருக்காது.

அப்படி நின்ற ஒரு நாள் போன் அடித்தது. கனகேஸ்வரி மிஸ்.

"மிதுனாட அம்மாவோ? வலயத்துக்கு முன்னேற்ற அறிக்கை குடுக்கோணும் அம்மா. பணிப்பாளர் கேட்டுக்கொண்டே நிக்கிறார். அடுத்த விழாவில ஒரு சின்ன நிகழ்ச்சி செய்யலாம் எண்டு சேரும் யோசிக்கிறார். பிள்ளை வீட்டில ஏதும் வாய் திறக்கிறாவோ?"

கோச்சி வந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. மிதுனாவின் உதடு அசையத் தொடங்கியது. போனைக் காதில் வைத்தபடி நிஷாந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பெட்டியும் போய்விட்டது. உதடு நிற்கவில்லை.

"...அதுக்குள்ள மாசிச் சம்பல் வைச்சுத் தாங்கோ, நான் ரிஸ்னா வீட்டை கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றது குரல். மெல்லியதாக, கரகரத்து, ஆனால் குரல்.

போனில் மிஸ் பரபரத்தார். "அம்மா! ஆரோ கதைக்கிற சத்தம் கேட்டுதே! ஆரது?"

நிஷாந்தினி மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லை மிஸ்" என்றாள் நிஷாந்தினி. "கோச்சி."